வாசகர் கேள்வி – பதில்: அணைத்த பிறகு அந்த அரை மணி நேரம்

குடும்ப ஜெபம் நின்றுபோவதற்குத் தொலைக்காட்சியும் செல்பேசியும்தான் காரணமா என்று ஒரு வாசகர் சென்ற மாதம் கேட்டிருந்தார். அதற்கு நான் எழுதிய சிறிய பதிலைத் தொடர்ந்து, குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலிருந்தும், கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்திலிருந்தும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

*

போதகர் ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். என் கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும், மாமியாரும், ஏழாம் வகுப்பு படிக்கும் மகனும் இருக்கிறோம். மாமியார் பாறசாலையில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு மலையாளம் மட்டுமே வாசிக்கத் தெரியும். நான் திங்கள்நகர் பக்கத்துக்காரி. எனக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும். மாலை ஆறரைக்கு மலையாளத் தொடர் ஆரம்பித்தால் இரவு பத்து மணிவரை டி.வி. ஓடிக்கொண்டே இருக்கிறது. மாமனார் உயிரோடு இருந்தவரை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் நடந்தது. அவர் காலமான பிறகு நின்றுவிட்டது. கேபிள் இணைப்பையே துண்டித்துவிடலாம் என்று நான் தீர்மானித்தபோது மாமியார், "எனக்கு வேறென்ன இருக்கிறது மோளே?" என்று அழுதுவிட்டார். ஆண்டவருக்காக ஒன்றை விடுவது தவறா?
— ஒரு வாசகி, களியக்காவிளை

சகோதரி, ஆண்டவருக்காக ஒன்றை விடுவதில் தவறில்லை. ஆனால் நீங்கள் விடப்போவது உங்களுடைய பொருள்தானா என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால், அந்தத் தொடர்களைப் பார்ப்பவர் உங்கள் மாமியார். விடுகிறவர் நீங்கள், இழப்பவர் அவர் என்றால் அதற்கு உபவாசம் என்று பெயர் சொல்ல முடியாது.

"தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்" என்ற சங்கீத வசனத்தை நம்முடைய கன்வென்ஷன் பந்தல்களில் டி.வி.க்கு எதிராகப் பலரும் எடுத்துச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது 101ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனம். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை: "என் வீட்டிலே உத்தம இருதயத்தோடு நடந்துகொள்ளுவேன்." தாவீது பேசுவது தன் கண்ணைப் பற்றியும், தன் வீட்டுக்குள் தான் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும். முதிய விதவை ஒருத்தியின் அழுகையைத் தாண்டிக்கொண்டு போய் ஜெபத்துக்கு முழங்காலிடுவது அந்த இரண்டாம் வசனத்துக்குப் பொருந்துமா என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன செய்தி ஒன்று இருக்கிறது. மாமனார் இருந்த காலத்திலும் டி.வி. இருந்தது, அப்போதும் தொடர்கள் ஓடின, ஆனாலும் ஏழு மணிக்கு ஜெபம் நடந்தது. ஆகவே ஜெபத்தை நிறுத்தியது டி.வி. என்று நான் நினைக்கவில்லை. ஜெபத்தை நடத்தியவர் போய்விட்டார், அந்த இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, வெறுமையாகக் கிடந்த அந்த நேரத்துக்குள் தொடர் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வீட்டில் உங்கள் மாமியார் தம் தாய்மொழியைக் கேட்பது அந்தப் பெட்டியிலிருந்து மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் தமிழ் பேசுகிறீர்கள், பேரனும் தமிழ் பேசுகிறான், சபையிலும் தமிழ்தான். கேபிளைத் துண்டித்தால் அவருக்குத் தொடரோடு சேர்ந்து மலையாளமும் போய்விடும். 1956இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கோடு வரைபடத்தில் விழுந்ததே தவிர, நம் வீட்டுத் திண்ணைகளில் விழவில்லை. இங்கே பெண் எடுத்ததும் கொடுத்ததும் அந்தக் கோட்டைப் பார்த்து நடந்ததில்லை. உங்கள் குடும்பமே அதற்குச் சாட்சி.

எதை விடுவது என்ற கேள்வியோடு வருகிறவர்களிடம், எந்த நேரத்தை, எதற்காக என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு வாருங்கள் என்றுதான் நான் சொல்வது வழக்கம். நேரத்தையும் அதில் நடக்கப்போவதையும் முடிவு செய்துவிட்டால், எதை விடவேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்: அந்த நேரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் மட்டும் எழுந்தால் போதும். உங்கள் வீட்டுக்கு மாலை முழுவதும் தேவையில்லை; அரை மணி நேரம் போதுமானது. எந்த அரை மணி என்பதை மாமியாரே சொல்லட்டும். ஆறரை முதல் பத்து வரையுள்ள தொடர்களில் அவருக்கு மனம் ஒட்டாத ஒன்று கட்டாயம் இருக்கும். இல்லாவிட்டாலும், பெரும்பாலான தொடர்களை மறுநாள் பகலில் மறுபடியும் போடுகிறார்கள். ஒருநாள் பிந்திப் பார்ப்பதால் அந்தக் கதைகளில் எதுவும் நகர்ந்துவிடாது என்பது தொடர் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த இரகசியம்.

அந்த அரை மணி நேரத்தில் டி.வி. கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். சத்தத்தைக் குறைத்துவிட்டு அடுத்த அறையில் ஜெபிப்பது, சமையலறையில் நின்று கண்ணை மூடிக்கொள்வது போன்ற ஏற்பாடுகள் நிலைப்பதில்லை. நான்காம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன் தம் நண்பர் அலிப்பியுசைப் பற்றி எழுதியிருப்பதை இதற்குச் சொல்லலாம். ரோமாபுரியில் மனிதரை மனிதர் வெட்டிக்கொல்லும் விளையாட்டரங்குக்கு நண்பர்கள் அவரை வலுக்கட்டாயமாக இழுத்துச் சென்றார்கள்; உடம்பைத்தான் கொண்டுபோக முடியும், மனத்தைக் கொண்டுபோக முடியாது என்று சொல்லி அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் ஓவென்று கத்தியது. என்னதான் நடந்தது என்று பார்க்கக் கண்ணைத் திறந்தவர், அதன் பிறகு மூடவில்லை. பின்னொரு நாள் மற்றவர்களை அவரே அங்கே அழைத்துச் சென்றார். அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் தாகஸ்தே நகரின் ஆயரானார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கதை பாதியில் நின்றுவிடும். கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை.

இனி அந்த நேரத்தை எப்படி நிரப்புவது என்று பார்ப்போம். நான் போகிற வீடுகள் பலவற்றில் வேதாகமம் டி.வி. மேசையின் மேல்தட்டில், செட்டாப் பாக்ஸுக்குப் பக்கத்தில், பூத்தையல் போட்ட துணியுறைக்குள் இருக்கிறது. தினமும் துடைப்பதால் தூசி இருப்பதில்லை. உறையைக் கழற்றித் திறந்தால் ரேஷன் கார்டு, கரண்ட் பில் அட்டை, போன வருடத்துக் கல்யாண அழைப்பிதழ் ஆகியவை சங்கீதத்துக்கும் நீதிமொழிகளுக்கும் நடுவில் இருந்து விழுகின்றன. உங்கள் வீட்டில் இரண்டு வேதாகமங்கள் இருக்க வேண்டும், ஒன்று மலையாளம், ஒன்று தமிழ். இரண்டையும் எடுத்து வையுங்கள். ஒரு சங்கீதத்தைத் தேர்ந்துகொண்டு, ஒரு வசனத்தை மாமியார் மலையாளத்தில் வாசிக்க, அடுத்ததை நீங்கள் தமிழில் வாசியுங்கள். அதிகார எண்ணும் வசன எண்ணும் ஒத்துப்போகும். எல்லை ஊரில் வளர்கிற உங்கள் மகனுக்கு இரண்டும் காதுக்குப் பழகியவைதான். பாட்டு அவருக்குத் தெரிந்த மலையாளப் பாட்டாகவே இருக்கட்டும். கேட்டுக்கொண்டிருந்தவரை நடத்துகிறவராக மாற்றுங்கள்; மாமனாரின் இடத்துக்கு உங்கள் வீட்டில் தகுதியானவர் அவர்தான்.

உங்கள் கணவரும் இதில் சேர வழி இருக்கிறது. குவைத் நேரம் நம்மைவிட இரண்டரை மணி பிந்தியது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. வாரத்தில் அந்த ஒருநாள் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் அவரை ஜெபம் சொல்லச் சொல்லுங்கள். செல்பேசியை எதிரியாக எண்ணி ஒழித்துக்கட்ட நினைத்தால் இந்த வசதியும் சேர்ந்து போகும். நம்முடைய விசுவாசமே அச்சுக்கூடத்தின் வழியாக நம் கைக்கு வந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. மலையாளத்தில் 1829இல் கோட்டயத்தில் பெய்லி போதகர் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். நாகர்கோவிலில் மீட் போதகர் காலத்தில் மிஷன் அச்சகம் ஓடியது. பிற்பாடு, செஷல்ஸ் தீவிலிருந்து சிற்றலையில் வந்த கிறிஸ்தவ நிகழ்ச்சியை இரைச்சலோடு கேட்டு வளர்ந்தவர்கள் என் வயதில் பலர் உண்டு. ஊடகத்தின்மேல் நமக்குப் பகையில்லை. அது எந்த நேரத்தில், யாருடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேபிள் இருக்கட்டும். அது வேண்டாம் என்று ஒருநாள் மாமியாரே சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

*

ஐயா, நான் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. அதிகாலை நான்கு மணிக்குத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். சினிமாப் பாட்டு, ரீல்ஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இப்போது காதில் இயர்போன் வைத்துக்கொண்டு பிரசங்கங்களும் கிறிஸ்தவப் பாடல்களும் மட்டுமே கேட்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு பிரசங்கம் கேட்டுவிடுவேன். ஆனாலும் ஜெபிக்க உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் தாண்டவில்லை. எங்கே தவறு?
— ஒரு வாசகர், குலசேகரம்

தம்பி, நீங்கள் பொருளை மாற்றினீர்கள், பழக்கம் அப்படியே இருக்கிறது. முன்பு காதுக்குள் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். இப்போது ஒருவர் பிரசங்கிக்கிறார். காது ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. நல்லதைக் கேட்கிறீர்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை எடுத்து வாசியுங்கள். ஜனங்கள் தீர்க்கதரிசியின் முன்னால் கூட்டமாக வந்து உட்கார்ந்து அவன் சொல்வதை ஆவலோடு கேட்கிறார்கள்; இனிய குரலும் வாத்தியத் திறமையும் உள்ள ஒருவனுடைய பாட்டைப்போல அவன் அவர்களுக்கு இருக்கிறான்; கேட்டபடி செய்கிறவர் மட்டும் இல்லை. பிரசங்கமும் பொழுதுபோக்காக முடியும் என்பதை யூடியூப் வருவதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்க்கதரிசி கண்டிருக்கிறார்.

ஐந்தாறு பிரசங்கங்களில் நேற்றுக் கேட்டவற்றுள் ஒன்றின் கருத்தையாவது இன்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம், யாராலும் முடியாது. ஒன்று முடிந்தவுடன் அடுத்தது தானாகத் தொடங்கும்படி செயலியை அமைத்திருக்கிறார்கள். முதல் செய்தி நெஞ்சில் இறங்குவதற்குள் இரண்டாவது வந்து அதைத் தள்ளிவிடுகிறது. அதிலும், குரலை உயர்த்தி அழவைக்கும் துண்டுகளும், இன்ன சபையார் நரகத்துக்குப் போவார்கள் என்கிற சண்டைகளும்தான் முன்னால் வந்து நிற்கின்றன, ஏனென்றால் மக்கள் அவற்றில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். அது வேதப்பொருளாக இருந்தாலும் இயந்திரத்துக்குக் கவலையில்லை.

உங்கள் தொழிலில் மற்றவர்களுக்குக் கிடைக்காத இரண்டு வேளைகள் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் பால் அழுத்தமாக நிற்கும் என்பதால்தான் இருட்டிலேயே வெட்டுக்குப் போகிறீர்கள். தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் ஒரு மரத்தில் பட்டையைச் சீவி, சிரட்டையைச் சரிசெய்து, அடுத்த மரத்துக்கு நடக்கிறீர்கள். இப்படிச் சுமார் முந்நூறு மரங்கள். கை தானாக வேலை செய்யும், மனம் சும்மா இருக்கும். பிறகு வெட்டு முடிந்து பால் வடிந்து சேரும்வரை இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, ஆனால் தோட்டத்துக் கொட்டகைகளை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த இடைவேளைதான் செல்பேசிக்கு முழுதாகப் போகிற நேரம்.

வெட்டும் வேளையில் இயர்போனைக் கழற்றிவிடுங்கள். இருட்டில் புல்லுக்குள் நடக்கிறவனுக்குக் காது திறந்திருக்க வேண்டியதற்கு விசுவாசம் சாராத காரணங்களும் உண்டு. கிளம்புமுன் ஒரே ஒரு வசனத்தை வாசித்துவிட்டுப் போய், அதை மரத்துக்கு மரம் மனத்தில் சொல்லிக்கொண்டு வாருங்கள். முதல் வாரம் சலிப்பாகத்தான் இருக்கும். பிரசங்கம் வேண்டுமானால் இடைவேளையில் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். அதுவும் நீங்களே தேடி எடுத்ததாக இருக்கட்டும். யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, இனிப் பதிவாகாதபடியும் நிறுத்திவிட்டால், முகப்புப் பக்கம் பரிந்துரைகளைக் கொட்டாமல் பெரும்பாலும் காலியாக நிற்கும். தானாக அடுத்ததுக்குப் போகும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் ஜெபிக்க முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அரை மணியாக நீட்ட இப்போது முயல வேண்டாம். ஒரே நாளில் அந்த ஐந்து நிமிடத்தை மூன்று முறை செய்யுங்கள்.

*

எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு எழுப்புதல் கூட்டத்துக்குப் போய்வந்த என் மகன், பதினாறு வயது, தன் ஹெட்செட்டை உடைத்துப்போட்டான். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் இப்போது தன் அக்காள் பாட்டுக் கேட்டால் ரேடியோவைப் பிடுங்குகிறான்; அப்பா செய்தி பார்த்தால் "பிசாசின் பெட்டி" என்கிறான்; தீபாவளிக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்த பலகாரத்தையும் தொடவில்லை. எபேசுவில் புத்தகங்களை எரித்ததுபோல் எல்லாவற்றையும் எரிக்க வேண்டும் என்று வசனம் காட்டுகிறான். நாங்கள் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறோம்.
— ஒரு தாய், அருமனை

அம்மா, உங்கள் மகன் காட்டும் வசனத்தையே அவன் கையில் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரம் 19ஆம் வசனம். மாயவித்தைக்காரராயிருந்தவர்களில் அநேகர் "தங்கள் புஸ்தகங்களைக் கொண்டுவந்து" எரித்தார்கள் என்றுதான் அங்கே இருக்கிறது. அவற்றின் மதிப்பு ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்று கணக்கும் போட்டிருக்கிறார்கள். அவ்வளவும் எரித்தவர்களின் சொந்தப் பொருள். அண்டை வீட்டுக்குள் நுழைந்து அலமாரியைத் திறந்தவர் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. பவுல் அதே ஊரில் இரண்டு வருடங்களுக்கு மேல் தங்கியிருந்தார். எவர் வீட்டுப் புத்தகத்தையும் அவர் பிடுங்கியதாக எழுதியிருக்கவில்லை.

அவன் ஹெட்செட்டை உடைத்தது தன்னுடையது என்பதால் அது அவனுடைய காணிக்கை. அதை மதியுங்கள், கேலி செய்யாதீர்கள். பதினாறு வயதில் ஒரு பையன் ஒன்றை முழுமனதோடு விடுகிறான் என்றால் அது சின்ன காரியமல்ல. அக்காளின் ரேடியோவைத் தொட்ட இடத்தில்தான் அவன் எல்லை தாண்டினான். அந்த இடத்தில் அப்பா உறுதியாக நிற்க வேண்டும். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் உபவாசிக்கிறவனைப் பார்த்துத் தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவிக்கொள் என்கிறார். அவன் உபவாசம் வீட்டாருக்கே தெரியக்கூடாது என்பது அதன் கருத்து. உங்கள் மகனுடைய உபவாசமோ தெருவுக்கே தெரிகிறது. கொலோசெயர் இரண்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை, தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே என்று வரும் பகுதியை, அவனோடு சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள். அவனுக்கு அது பிடிக்காது. ஆனால் அவனே மதிக்கும் வேதத்தில் இருந்து வருவதால் தள்ளிவிடவும் முடியாது.

கூட்டத்தில் பேசிய ஊழியரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பிள்ளையின் கையிலிருப்பதை உடைக்கச் சொல்வது ஒரு மணி நேர வேலை. மறுநாள் காலை முதல் அந்தப் பிள்ளை எதை வாசிப்பான், யாரோடு பேசுவான், விளையாடப் போகலாமா என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது வருடக்கணக்கான வேலை. அது பந்தலைப் பிரித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இல்லை, உங்கள் சபைப் போதகருக்கும் வாலிபர் ஐக்கியத்துக்கும் உரியது. அவனை ஓய்வுநாள் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்படி போதகரிடம் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். சிறுவர்களைச் சமாளிக்கிற பையனுக்குப் பெரியவர்களைத் திருத்த அதிக நேரம் கிடைக்காது. பக்கத்து வீட்டுப் பலகாரத்தைப் பொறுத்தவரை, நீங்கள் வாங்கி நன்றி சொல்லி உண்ணுங்கள். கிறிஸ்துமஸ் கேக்கை அவனையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.

*

தந்தை போன்றவர் என்பதால் கேட்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். சென்ற தவக்காலத்தில் நாற்பது நாளும் செல்பேசியில் பேஸ்புக்கும் ரீல்ஸும் பார்ப்பதில்லை என்று தீர்மானித்தேன். முக்கால் பங்கு காலம் தாக்குப்பிடித்தேன். ஆனால் உயிர்ப்பு ஞாயிறு மாலையே மறுபடி ஆரம்பித்து, முன்பைவிட அதிகமாகப் பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் ஆழ்கடல் தொழிலுக்குக் கொச்சியிலிருந்து போகிறவர் என்பதால் போனை அணைத்து வைக்கவும் முடியாது. இப்படிப்பட்ட தவத்தால் பயன் உண்டா?
— ஒரு வாசகி, தூத்தூர்

மகளே, போனை அணைக்க வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர் முதல் நீரோடி வரை உங்கள் ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலும் என்ன நேர்ந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாரக்கணக்கில் கடலில் கிடக்கிற கணவரிடமிருந்து அழைப்பு வரக்கூடிய கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும்படி எந்தத் திருச்சபையும் கேட்காது. உங்கள் திருச்சபை உணவு விஷயத்தில்கூடக் கண்டிப்பான நோன்பு என்று வைத்திருப்பது சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டு நாட்களுக்குத்தான். முதியோருக்கும் நோயாளிக்கும் அதிலும் விலக்கு உண்டு. அழைப்பு வருவதற்கு மட்டும் போன் போதும். ரீல்ஸ் வருகிற செயலிகளை அந்தக் கருவியிலிருந்தே நீக்கிவிட்டாலும் அழைப்பு வரும்.

முக்கால் பங்கு நாள் தாக்குப்பிடித்தேன் என்கிறீர்கள்; அந்த நாட்களில் ரீல்ஸ் பார்த்த நேரம் எங்கே போனது என்று எழுதவில்லை. பதில் எனக்கே தெரிகிறது: எங்கும் போகவில்லை, காத்துக்கொண்டிருந்தது. மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் வீடு அதுதான். உள்ளே இருந்த அசுத்த ஆவி போய்விட்டது. வீடு பெருக்கி அலங்கரித்து வெறுமையாக நிற்கிறது. போனவன் தன்னைவிடப் பொல்லாத ஏழுபேரோடு திரும்பி வருகிறான். வீட்டுக்காரர் செய்த தவறு அசுத்த ஆவியை அனுப்பியதில் இல்லை, யாரையும் குடிவைக்காததில்தான் இருக்கிறது.

பாலைவனத் துறவிகளுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். நான்காம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி நண்பகல் சலிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பிடித்த துறவிக்குப் பகல் ஐம்பது மணி நேரமாக நீளும். சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று சூரியனைப் பார்ப்பான். யாராவது வருகிறார்களா என்று சன்னலை எட்டிப் பார்ப்பான். வாசிக்க எடுத்த ஏட்டில் இன்னும் எத்தனை பக்கம் என்று எண்ணுவான். கையில் போன் இல்லாமலே போன் பார்க்கிறவன் அவன். ஆகவே சலிப்பு வந்தது உங்கள் பக்தி குறைவால் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சலிப்பு ஒவ்வொரு நாளும் எந்த வேளையில் வருகிறது என்று பார்த்து வையுங்கள். உங்களுக்குப் பெரும்பாலும் பிள்ளைகள் தூங்கிய பிறகு வரும் என்று ஊகிக்கிறேன். கணவர் கடலில் இருக்கிற பெண்ணுக்கு அந்த வேளை நீளமானது, கையில் போன் இருப்பது இயல்பானது.

அடுத்த தவக்காலத்தில் நாற்பது நாள் முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவு அந்த ஒரு வேளையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் செபமாலையைத் தனியாகச் சொல்லாமல், கணவர் கடலுக்குப் போயிருக்கிற பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு சொல்லுங்கள். முடிந்த பிறகு இருவரும் கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினாலும் பாதகமில்லை. தனிமை தீர்ந்த வீட்டில் ரீல்ஸுக்குப் பாதி வேலை போய்விடும். ஞாயிறுகள் தவக்காலத்தின் நாற்பது நாள் கணக்கில் சேர்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்று ஓர் அரை மணி நேரம் பார்த்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம். உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாளும் அந்த இரவு வேளையில் அந்தப் பெண் உங்கள் வாசலில் வந்து நிற்பாளா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் வந்தால் நீங்கள் கேட்ட பயன் உண்டு.

*

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். காலையில் ஒரு தமிழ் நாளிதழும் ஒரு மலையாள நாளிதழும் வாசிப்பேன். பத்திரிகை வாசிப்பையும் விடவேண்டும் என்று ஒரு நண்பர் வற்புறுத்துகிறார். உங்கள் கருத்து என்ன?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

வாசியுங்கள், ஐயா. ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபம்பண்ண வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் எதைக் கேட்டு ஜெபிப்பது? இரண்டு மாநிலத்துச் செய்தியையும் தெரிந்து வைத்திருக்கிறவர் எல்லை ஊருக்குத் தேவையானவர். வேதத்தை முதலில் வாசித்துவிட்டுப் பத்திரிகையை எடுங்கள் என்பதுதான் நான் சேர்க்கக்கூடியது. மாலையில் செய்திச் சேனல்களில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிற விவாதம் வருகிறதே, அதை வேண்டுமானால் விட்டுப் பாருங்கள். காலையில் வாசித்த செய்தியில் ஒன்றும் குறையாது, இரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கும். உங்கள் நண்பர் பத்திரிகையை விட்ட பிறகு அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்றும் அவரைக் கேட்டு எழுதுங்கள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.